நாலு கியர் வண்டிக்கு என்ன விலை?



நம் புதுக்கோட்டை மாவட்டத்து ஆவூரிலிருந்து ஒரு கடிதம் வந்தது. கோடு போட்ட நோட்டுத்தாளில் இரண்டு பக்கம், அடித்தல் திருத்தல் இல்லாத எழுத்து. எழுதியவர் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டு வாசலில் நிற்கும் மாருதி 800-ஐப் பற்றித்தான் கடிதம் முழுவதும். 1998-ல் கடன் போட்டுப் புதிதாக எடுத்த வண்டி. நாலு கியர், கார்பரேட்டர் மாடல். இவர் பெயரைத் தவிர வேறு பெயர் ஆர்.சி. புக்கில் ஏறியதே இல்லை. இவருக்குக் கண்புரை ஆபரேஷன் ஆகிவிட்டது. மனைவிக்கு முழங்கால் வலி, ஏறி இறங்க முடியவில்லை. இனி ஓட்டுவதில்லை என்று முடிவுசெய்து ஒரு கார் கன்சல்டிங்கில் விசாரித்திருக்கிறார். போனில் அனுப்பிய படத்தைப் பார்த்த கையோடு பதினெட்டாயிரம் என்று சொல்லிவிட்டார்களாம். "இப்ப எல்லாரும் ஆட்டோமேட்டிக் கேக்குறாங்கய்யா. கியர் வண்டிய, அதுவும் 98 மாடல, எவன் தேடி வர்றான்?"

கடிதத்தின் கடைசி வரி இது: "விற்கத்தான் போகிறேன். ஆனால் என் வண்டி இரும்பு விலைதான் பெறுமா என்று விஷயம் தெரிந்த யாராவது சொல்ல வேண்டும்."

படித்ததும் மடித்து வைக்க முடியவில்லை. இந்தக் கேள்வியோடு நம் வாசகர்களில் எத்தனையோ பேர் வீட்டு வாசலில் ஒரு வண்டி நிற்கிறது என்பது எனக்குத் தெரியும். புறப்பட்டுப் போய்விட்டேன்.

ஆவூருக்கு மாத்தூர் பக்கமிருந்தும் வரலாம், விராலிமலைப் பக்கமிருந்தும் வரலாம். சின்ன ஊர்தான். ஆனால் 1747-ல் எழுந்த மாதா கோவில் அங்கே இருக்கிறது. வீரமாமுனிவர் பணிசெய்த மண் அது. ஈஸ்டரை ஒட்டி நடக்கும் பாஸ்கா நாடகத்துக்கும் தேருக்கும் மதம் பார்க்காமல் சுற்றுப்பட்டு ஜனம் கூடும். நான் போனது அந்தச் சமயத்தில். தேர் பார்க்க வந்த வண்டிகள் புழுதியில் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே நடந்தேன். பொலிரோ, டாடா சுமோ, ஆம்னி, பழைய இண்டிகா, டீசல் ஸ்விஃப்ட், ஒரு குவாலிஸ். பாதிக்கு மேல் பத்து வருஷம் தாண்டியவை. கண்ணாடிக்குள் எட்டிப் பார்த்தால் அநேகமாக எல்லாவற்றிலும் மூன்று பெடல். கியர் வண்டியை யாரும் தேடி வருவதில்லை என்று சொன்னவர் இந்த வரிசையை ஒரு நாள் வந்து பார்த்திருக்கலாம்.

குவாலிஸைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். 2000-ல் வந்தது, 2005-ல் இன்னோவாவுக்கு இடம் விட்டு நின்றுபோனது. ஐந்தே வருஷம் விற்ற வண்டி. நின்று இருபது வருஷம் ஆன பிறகும் நம் பக்கத்தில் நல்ல குவாலிஸ் ஒன்று விலைக்கு வருகிறது என்று தெரிந்தால் மறுநாளே கைமாறிவிடும். காரணம் எளிது. எட்டுப் பேரை ஏற்றிக்கொண்டு மண் ரோட்டில் போகும், டீசல், எந்தப் பட்டறையில் நிறுத்தினாலும் கை வைக்க ஆள் உண்டு. ஸ்விஃப்டில் வந்த 1.3 லிட்டர் டீசல் என்ஜினுக்கும் இதே மதிப்புத்தான். 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 புகைக்கட்டுப்பாட்டு விதி வந்ததோடு மாருதி டீசல் கார் செய்வதையே நிறுத்திக்கொண்டது. புதிதாக மாருதியில் ஒரு சின்ன டீசல் கார் வேண்டுமென்றால் கடைக்குப் போய் வாங்க வழியில்லை. பழசைத்தான் தேட வேண்டும். தேடும்போது விலை ஏறாமல் என்ன செய்யும்?

வாத்தியார் வீட்டுக்கு வருகிறேன். வெள்ளை வண்டி; டி.என். 55, நம் புதுக்கோட்டை எண். மேலே போர்த்தியிருந்த பழைய வேட்டியை அவரே மடித்து எடுத்தார். வருஷக்கணக்காக இந்த வண்டிக்குக் கை வைத்துவரும் மெக்கானிக்கை வரச் சொல்லியிருந்தார். நாற்பது வயதிருக்கும். வந்ததும் வண்டியைப் பார்க்கவில்லை. "வாத்தியாரய்யா, அம்மாவுக்குக் காலு எப்புடி இருக்கு?" என்று விசாரித்துவிட்டுத்தான் சாவியை வாங்கினார்.

அவர் பார்த்த விதத்தை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். மணப்பாறைச் சந்தையில் மாடு பிடிக்கிறவர்கள் பல்லைப் பார்ப்பார்கள், சுழியைப் பார்ப்பார்கள், கொஞ்சம் நடக்கவிட்டுப் பார்ப்பார்கள். விலையைப் பிறகுதான் துண்டுக்குள் பேசுவார்கள். அதே நிதானம். முதலில் ஆயில் மூடியைத் திறந்து உள்பக்கம் விரலால் தடவினார். பால்போல வெளுத்துக் கிடந்தால் தண்ணீர் ஆயிலோடு கலக்கிறது, ஹெட் கேஸ்கட் போச்சு என்று அர்த்தம். கறுப்பாக, சுத்தமாக இருந்தது. அடுத்து டிரைவர் பக்கத்து ஃப்ளோர் மேட்டைத் தூக்கித் தரையை முட்டியால் தட்டினார். அடுத்து பேட்டரி உட்காரும் தட்டு. அடுத்து சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னக் காந்தத்தை எடுத்துக் கதவின் கீழ் ஓரத்தில் வைத்துக்கொண்டே போனார். தகரம் இருக்கும் இடத்தில் ஒட்டும். துரு தின்ற ஓட்டையைப் பட்டி வைத்து மூடிப் பெயிண்ட் அடித்திருந்தால் வழுக்கும். பின்கதவில் உள்ளங்கை அளவுக்கு ஓர் இடத்தில் வழுக்கியது. "இது 2009-ல மாடு முட்டுனது. நாந்தான் டிங்கரிங் பாத்தேன்" என்றார். வருஷத்தோடு ஞாபகம்.

அதன் பிறகுதான் கிளட்ச். வண்டியை ஸ்டார்ட் பண்ணி, ஹேண்ட் பிரேக்கை இழுத்துப் பிடித்து, மூன்றாவது கியரைப் போட்டு, கிளட்சை மெதுவாக விட்டார். வண்டி ஒரு குலுங்கு குலுங்கி அணைந்துபோனது. அவர் முகத்தில் திருப்தி. அணையாமல் என்ஜின் ஓடிக்கொண்டே இருந்தால் கிளட்ச் பிளேட் தேய்ந்து வழுக்குகிறது என்று பொருளாம். மறுபடி ஸ்டார்ட் பண்ணி நியூட்ரலில் வைத்துக் காதைக் கொடுத்தார். கிளட்சை மிதிக்கும்போது கரகர என்று சத்தம் வந்தால் ரிலீஸ் பேரிங். மிதிக்காதபோது சத்தம் இருந்து, மிதித்ததும் அடங்கினால் கோளாறு கியர் பாக்ஸுக்குள்ளே. இரண்டுமே இல்லை. தெருவில் ஒரு சுற்று ஓட்டி வந்தோம். மேலிருந்து இரண்டாவது கியருக்கு இறக்கும்போது மட்டும் லேசாக ஒரு உரசல். "சிங்க்ரோ கொஞ்சம் தேஞ்சிருக்கு. ரெண்டாவதுக்கு அவசரப்படாம, ஒரு நொடி விட்டுப் போட்டா அதுபாட்டுக்கு விழும்" என்றார். வாத்தியார் பின் சீட்டிலிருந்து, "அத நான் பத்து வருஷமா அப்படித்தான் போடுறேன்" என்றார்.

விலை கேட்டேன். மெக்கானிக் யோசிக்கவில்லை. "அம்பதுக்குக் கொறச்சுக் கேட்டா வண்டியத் தொட விடாதீங்கய்யா."

பதினெட்டுக்கும் ஐம்பதுக்கும் நடுவே இருக்கும் அந்த முப்பத்திரண்டாயிரம் எங்கே இருந்தது? படத்தைப் பார்த்து விலை சொன்னவருக்குத் தெரிந்தது வருஷம் மட்டும். தொட்டுப் பார்த்தவருக்குத் தெரிந்தது அந்த வண்டி. வழியெல்லாம் இதைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன்.

பழைய கியர் கார்களுக்கு வெளிநாட்டில் கிடைக்கும் விலையைப் படித்துவிட்டு நம்மிடம் கேட்பவர்கள் உண்டு. உண்மைதான். அமெரிக்காவில் இன்று விற்கும் புது வண்டி நூறில் இரண்டுகூடக் கியர் வண்டி இல்லை. அதனால் கிடைத்த அபூர்வம் பழைய கியர் வண்டிக்கு விலையாகிவிட்டது. ஃபெராரி 599 என்ற காரில் கையால் கியர் போடும் வண்டிகள் உலகம் முழுவதற்கும் சேர்த்து 30-தான் செய்தார்கள். அதே காரின் தானியங்கிக் கியர் வண்டியைவிட அவை பல மடங்கு விலைக்குப் போகின்றன. ஆனால் அந்தக் கணக்கை ஆவூருக்குக் கொண்டுவரக் கூடாது. நம் நாட்டில் இன்றும் விற்பனையாகும் புது கார்களில் பெரும்பகுதி கியர் வண்டிதான். மாருதி 800 நம் நாட்டில் மட்டும் ஏறத்தாழ 27 லட்சம் விற்ற வண்டி. அபூர்வம் என்று சொல்லி யாரும் இதற்குக் காசு தரமாட்டார்கள். இங்கே விலை நிற்பது வேறொரு காலில். வாங்குகிறவனால் ஓட்ட முடியும், கெட்டால் கூப்பிடு தூரத்தில் சரிபண்ண ஆள் இருக்கிறான், பாகம் கிடைக்கிறது. இந்த மூன்றும் இருக்கும்வரை வண்டிக்கு விலை உண்டு.

800-ன் என்ஜின் 796 சிசி, மூன்று சிலிண்டர். அதே அளவு என்ஜின்தான் ஆம்னியிலும் வந்தது. கிளட்ச் செட்டு சில ஆயிரத்துக்குள் முடிந்துவிடும். பேட்டரி இறங்கினாலும் நாலு பேர் தள்ளி, இரண்டாவது கியரில் கிளட்சை விட்டால் ஸ்டார்ட் ஆகிவிடும். வயசான ஆட்டோமேட்டிக் ஒன்று விராலிமலை ரோட்டில் நின்றுபோனால் தள்ளி ஓட்ட முடியாது. ஸ்கேனர் வைத்துப் பார்க்கும் இடத்துக்கு ஏற்றிக்கொண்டு போக வேண்டும். உள்ளே ஒரு பாகம் போயிருந்தால் அதன் விலை பழைய வண்டியின் விலையில் பாதியைத் தின்றுவிடும். செகண்ட் ஹேண்டில் பத்துப் பன்னிரண்டு வருஷ ஆட்டோமேட்டிக் என்றால் நம் ஊர்ப்பக்கத்தில் கை பின்வாங்குவது இதனால்தான்.

ஆட்டோமேட்டிக்கைக் குறை சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். முழங்கால் வலிக்காரர்களுக்கும், நகர நெரிசலில் மணிக்கணக்காக ஹாஃப் கிளட்சில் ஊர்கிறவர்களுக்கும் அது பெரிய ஆறுதல். 2014-ல் செலேரியோவில் ஏ.எம்.டி. வந்த பிறகு சாதாரணக் குடும்பத்துக்கும் அது கைக்கெட்டியது. உள்ளே பார்த்தால் அதுவும் கியர் பாக்ஸ்தான். கிளட்சை மிதிப்பதும் கியரை மாற்றுவதும் மட்டும் இயந்திரத்தின் வேலை. நகரத்துக் குடும்பங்கள் அந்தப் பக்கம் போகப் போக, அவர்கள் விடும் கியர் வண்டிகள் நம் கிராமங்களுக்கு வரும். வரட்டும். வாங்குகிறவர்கள் பார்த்து வாங்க வேண்டும், விற்கிறவர்கள் அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிடக் கூடாது.

வாத்தியாரின் மகன் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார். விடுமுறையில் வந்திருந்த அவரோடும் பேசினேன். அங்கே ஆட்டோமேட்டிக் மட்டும் ஓட்டுவதற்கு 3ஏ என்று தனி லைசென்ஸ் உண்டு, அதைத்தான் எடுத்திருக்கிறார். கார் வைத்துக்கொள்ளும் உரிமைச் சீட்டே அங்கே பத்து வருஷத்துக்குத்தான். அதற்கு மேல் வைத்திருக்க மறுபடி பெரும் பணம் கட்ட வேண்டும் என்பதால் நல்ல வண்டிகளும் பத்து வயதில் போய்விடுகின்றன. "அங்க இந்த வண்டியச் சொன்னா நம்ப மாட்டாங்க சார், இருபத்தெட்டு வருஷம்னு" என்றார். அப்பாவின் வண்டியை ஓட்டிப் பார்க்கச் சொன்னோம். மூன்று முறை அணைந்தது. நாலாவது முறை நகர்ந்தது. வாசலில் உட்கார்ந்திருந்த அம்மா கை தட்டினார்.

இனி காகிதம். கன்சல்டிங்காரர் விலையைக் குறைத்ததில் ஒரு நியாயமும் இருந்தது. அதை மறைக்கக் கூடாது. சொந்த உபயோகக் காருக்குப் பதிவு 15 வருஷம். பிறகு வண்டியைக் காட்டி ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பிக்க வேண்டும். வாத்தியார் 2013-ல் புதுப்பித்தார், 2018-ல் புதுப்பித்தார். அப்போதெல்லாம் கட்டணம் சில நூறு ரூபாய். 2022 ஏப்ரலில் அது 5,000 ஆனது. 2023-ல் அதைக் கட்டினார். 2025 ஆகஸ்டில் இருபது வருஷம் தாண்டிய கார்களுக்கு 10,000 என்று உயர்த்திவிட்டார்கள். ஆக, 2028-ல் இந்த வண்டியை வைத்திருப்பவர் பத்தாயிரமும், பசுமை வரியும், எஃப்.சி. காட்டுவதற்கு முன் செய்யும் வேலைகளுக்கான செலவும் எடுத்து வைக்க வேண்டும். ஐம்பதாயிரம் ரூபாய் வண்டிக்கு இது பெரிய பாரம். ஆனாலும் டெல்லியில் வந்ததுபோல டீசலுக்குப் பத்து, பெட்ரோலுக்குப் பதினைந்து என்று வயதை வைத்தே ஓரங்கட்டும் தடை தமிழ்நாட்டில் இல்லை. ஓடும் நிலையில் இருக்கிறதா என்று பார்த்துத்தான் அனுமதிக்கிறார்கள். என் மனசுக்கு இதுதான் சரியான வழி. நன்றாகப் பராமரித்த வண்டியையும் புகை கக்கும் வண்டியையும் பிறந்த வருஷத்தை வைத்து ஒரே தராசில் போடுவது, பராமரித்தவருக்குச் செய்யும் அநியாயம்.

காகிதத்தோடு பெட்ரோலையும் பார்க்க வேண்டும். இப்போது பங்க்குகளில் வரும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். கார்பரேட்டர் காலத்து வண்டிகள் அதற்காகச் செய்யப்பட்டவை இல்லை. எத்தனாலுக்கு ரப்பரை ஊறவைத்து வெடிக்கவைக்கும் குணம் உண்டு. பெட்ரோல் ஹோஸையும் கார்பரேட்டர் கேஸ்கட்டையும் மாற்றிவிடச் சொன்னார் மெக்கானிக். பெரிய செலவில்லை. பழைய பெட்ரோல் வண்டி வைத்திருக்கும் எல்லோரும் ஒருமுறை பானெட்டைத் திறந்து அந்த ஹோஸ்களை விரலால் அழுத்திப் பாருங்கள். மாவுபோல அமுங்கினாலும் வெடிப்பு தெரிந்தாலும் உடனே மாற்றுங்கள். பெட்ரோல் கசிவு விளையாட்டல்ல.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது, எனக்கே நேர்ந்ததால். பல வருஷம் முன்பு என் பழைய காரை ஒரு கன்சல்டிங்கில் கொடுத்தேன். பணம் வந்தது, ஃபார்ம்களில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன், பெயர் மாற்றிவிடுகிறோம் என்றார்கள். மாற்றவில்லை. வண்டி யார் யார் கைக்கோ போய், நான் போகாத ஊரிலிருந்து என் பெயருக்கு அபராதச் சீட்டு வந்தது. நல்லவேளையாக அபராதத்தோடு போயிற்று. ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், விபத்து நஷ்டஈட்டுக்கும் அவரே பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. எனவே 29, 30 எண் ஃபார்ம்களில் தேதி போடாமல் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுக்காதீர்கள். பெயர் மாறிய ஆர்.சி.யின் நகல் கைக்கு வரும்வரை கேட்டுக்கொண்டே இருங்கள். கூச்சப்பட வேண்டிய விஷயம் இல்லை.

அம்பாசிடரும் ஸ்டாண்டர்ட் ஹெரால்டும் வைத்திருக்கும் வாசகர்களுக்கு ஒரு தகவல். ஹெரால்டு நம் சென்னையில் செய்யப்பட்ட கார் என்பதை இன்றைய பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். ஐம்பது வருஷம் தாண்டி, மூல வடிவம் மாறாமல் இருக்கும் வண்டிகளை விண்டேஜ் என்று தனியாகப் பதிவுசெய்ய 2021-ல் விதி வந்திருக்கிறது. எண்ணின் நடுவில் வி.ஏ. என்று வரும். புதிய பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருஷத்துக்குச் செல்லும். ஆனால் அந்த வண்டியை அன்றாடம் ஓட்ட முடியாது. கண்காட்சி, அணிவகுப்பு போன்றவற்றுக்குத்தான். தினம் ஓட்டுகிறவர்கள் அவசரப்பட்டு அதற்குப் போக வேண்டாம். ஸ்டீயரிங்குக்குக் கீழே ஹேண்ட் கியர் உள்ள பழைய அம்பாசிடர் வீட்டில் இருந்தால், யாராவது வந்து 'ஃப்ளோர் கியராக மாத்திடலாம்' என்றால் சம்மதிக்காதீர்கள். ஒரிஜினலாக இருப்பதுதான் அதன் விலை.

மறுபடி 800-க்கு வருகிறேன். 1983 டிசம்பர் 14-ஆம் தேதி முதல் மாருதி 800-ன் சாவியை இந்திரா காந்தி கொடுத்தபோது அதன் விலை ஐம்பதாயிரத்தைச் சுற்றித்தான். 2014 ஜனவரியில் உற்பத்தி நின்றது. வாத்தியாரின் வண்டி இந்த இதழ் அச்சுக்குப் போகும் நேரத்தில் ஐம்பத்திரண்டாயிரத்துக்கு விலைபோயிருக்கிறது. வாங்கியவர் பக்கத்து ஊர்க்காரர். மனைவி, இரண்டு பிள்ளைகளோடு நாலு பேராக ஸ்கூட்டரில் போய்க்கொண்டிருந்தவர். முதல் கார். பத்திரிகைக்காரன் என்ற முறையில் பெயர் மாற்றத்தை நானும் விசாரித்தேன், விண்ணப்பம் போட்டாகிவிட்டது.

போன ஞாயிற்றுக்கிழமை வாத்தியாரிடம் பேசினேன். மூன்று சாயங்காலம் அந்தத் தம்பியின் பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். பேசிக்கொண்டிருக்கும்போதே அவருக்கு வேறொரு அழைப்பு வந்தது. என்னைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு, வீட்டம்மாவின் போனை வாங்கிப் பேசினார். அவர் சொன்னது எனக்குக் கேட்டது.

"ரிவர்ஸ் விழலயா? இழுத்து அமுக்காத. நியூட்ரலுக்கு வந்து கிளட்ச விடு. விட்டியா? இப்ப மறுபடி மிதி. முழுசா மிதிப்பா. இப்பப் போடு."

அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ, வாத்தியார் சிரித்தார். "பாத்து, பின்னாடி மாடு நிக்குதான்னு பாத்துக்க."

அன்புடன்,
ஆசிரியர்